வானம் பார்த்தவர்கள்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதியில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயில், ஒரு சந்தி, சுற்றிவரப் பாலையும் முதிரையும் வீரையும் நிறைந்த காடு, காட்டுக்குள் குளங்கள், குளங்களுக்குக் கீழே வயல். மார்கழி, தை மாதங்களில் விடிவதற்கு முன் நாலைந்து பேர் கழுத்தில் பைனாகுலரோடு அங்கே நிற்பது இப்போது யாருக்கும் புதினமில்லை. அவர்கள் முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போகிறார்கள். பெற்றோலும் பொழுதும் இருந்தால் புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கமாகச் சுண்டிக்குளம் வரை போவார்கள். "குருவி பாக்கப் போறம்" என்று சொன்னால் தேநீர்க் கடைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பையை ஆற்றத் தொடங்குவார். இந்த மண்ணில் பறவையைப் பார்க்காத தலைமுறை என்று ஒன்று இருந்ததில்லை. பார்ப்பதற்காகவே பார்த்து, பார்த்ததை எழுதி வைக்கிற தலைமுறை மட்டும் இதுவே முதல்.

நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில் விடியற்காலையில் பறவையைத் தேடிப் போனது கலைப்பதற்காக. ஐப்பசி மழையோடு காலபோக விதைப்பு நடக்கும். விதைத்த நெல் முளைத்து நிமிரும்வரை இரவும் பகலும் வயலுக்குக் காவல் வேண்டும். வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்குவதும் அந்த மாதங்களில்தான். அவை எங்கிருந்து வருகின்றன என்று நாங்கள் யோசித்ததில்லை. மழை வந்தது, தாராவும் வந்தது, அவ்வளவுதான்.

இரவில் சேற்றில் இறங்குவது சீழ்க்கைச்சிறகி. கூட்டமாக வரும்போதே மெல்லிய விசில் சத்தம் மேலே கேட்கும். கேட்டவுடன் கொட்டிலுக்குள் இருந்தபடியே தகரத்தைத் தட்டவேண்டும். இறங்கி உட்கார்ந்தபின் தட்டினால் பாதி விதை போய்விடும். விடிந்தால் புறா. பயிர் கொஞ்சம் நிமிர்ந்ததும் தாழைக்கோழி வந்து குருத்தைக் கடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது நெல்லுக்குருவி, முற்றும்போது கிளி. பழைய சேட்டும் சட்டித் தலையுமாக வரம்பில் நிற்கும் வெருளிக்கு இவற்றில் எதுவும் இரண்டு நாளைக்கு மேல் பயப்படாது. பிள்ளைகள்தான் கத்தவேண்டும். கண்ணுக்குத் தெரியுமுன் காதால் அறிகிற பழக்கம் எங்களுக்கு அப்படி வந்தது. எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து வரும், எந்த மரத்தில் இறங்கி நோட்டம் பார்க்கும் என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை யாரும் அறிவென்று சொன்னதில்லை. அது வீட்டு வேலையில் ஒரு பகுதி.

இன்னொரு விதமான பார்வையும் இருந்தது. இடியன் துவக்கோடு குளத்தின் அலைகரைக்குப் போகிறவர்களின் பார்வை அது. தாரா, காட்டுக்கோழி, புறா, கொக்கு என்று சுட்டதெல்லாம் சட்டிக்குள் போனது. வன்னியில் பழையகாலம் முழுவதும் பறவையோடு இசைந்து வாழ்ந்த காலம் என்று இன்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பசி இருந்த வீட்டில் தாரா இறைச்சி ஒரு நல்ல நாள். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த மனிதர்களுக்கு நாங்கள் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். அதே வேட்டைக்காரர்கள்தான் எந்தத் தாரா எந்த மாதம் வரும், எது இங்கேயே குஞ்சு பொரிக்கும், எது பொரிக்காமல் திரும்பிப் போகும் என்று பிசகில்லாமல் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள்.

முத்தையன்கட்டின் கீழ் அந்நாளில் ஒரு பெரிய எழுச்சி. பேராற்றை மறித்துக் கட்டிய குளம் அது. படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்ற இளைஞர்கள் காடு வெட்டி மேட்டுநிலப் பயிர் செய்தார்கள். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது செத்தல் மிளகாயும் வெங்காயமும் வன்னிக்குப் பணம் கொண்டுவந்தன. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து அந்த விலையைச் சரித்தது. மிளகாயோடு கிருமிநாசினியும் தோட்டத்துக்குள் வந்தது. மிளகாய்க் காலம் முடிந்தபின்பும் அது போகவில்லை.

பறவைகளுக்குச் சட்டப்படியான காப்பிடங்கள் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டன. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1938இல் சுண்டிக்குளம் சரணாலயமாக்கப்பட்டது. தெற்கே கொக்கிளாய் 1951இல். இலங்கைப் பறவைகளைப் பற்றி வின்சென்ற் லெக் எழுதிய பெரிய நூல் 1880இலேயே முடிந்திருந்தது, ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி 1955இல் வந்தது. ஹென்றி பறவைகளின் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் தந்திருக்கிறார். அந்தத் தமிழ்ப் பெயர்களில் எத்தனையோ ஏதோ ஒரு கமக்காரனோ மீனவனோ வாயால் சொல்லிக் காகிதத்துக்கு வந்தவையாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் எங்கள் குளக்கட்டுப் பக்கம் கண்டதில்லை. படித்தவர்களின் பறவை ஒன்றாகவும் வயற்காரனின் பறவை வேறொன்றாகவும் நெடுங்காலம் இருந்தன.

பிறகு நாங்கள் வானத்தை வேறு காரணத்துக்காகப் பார்க்கத் தொடங்கினோம்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சரணாலயத்தின் கரையில் வாழ்ந்தவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கரையைக் காணவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. எரிபொருள் இல்லை, பற்றரி இல்லை, உரம் இல்லை. பைனாகுலர் என்பது போர்க்கருவி. ஒரு சாதாரண மனிதன் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடனீரேரியின் ஓரத்தில் நிற்பதை எவரும் கற்பனை செய்யமுடியாது. நின்றிருந்தால் அவன் யாருடைய ஆள் என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும், இரு பக்கத்திலிருந்தும். 1998 டிசம்பரில் ஒட்டுசுட்டான் இராணுவத்தின் கைக்குப் போனது. 1999 நவம்பரில் புலிகள் அதை மீளப் பிடித்தார்கள். 2009 ஜனவரியில் மறுபடியும் இராணுவம். ஒவ்வொரு முறையும் சனம் எழும்பி ஓடியது.

அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சத்தத்தை வைத்து விமானத்தைச் சொல்லத் தெரியும். கிபிர் வேறு, மிக் வேறு, ஹெலி வேறு. ஓயாமல் ரீங்கரித்துக்கொண்டு மேலே சுற்றும் வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர். வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும். பதுங்குகுழிக்கு எத்தனை எட்டில் போய்ச் சேரலாம் என்பதைச் சத்தம் கேட்ட அந்தக் கணத்திலேயே கணக்கிட்டார்கள். காட்டோரத்தில் ஆட்காட்டி கத்தினால் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று பொருள். பறவையைக் கூர்ந்து கேட்பதற்கு அப்போது இருந்த ஒரே காரணம் அதுதான்.

இப்போது எங்களோடு குருவி பார்க்க வருகிறவர்களில் முப்பது வயது தாண்டிய ஒருவர் இருக்கிறார். அடர்ந்த புதருக்குள் மறைந்திருக்கும் குருவியைக் குரலால் மட்டும் சொல்லிவிடுவதில் எங்களில் எவரும் அவருக்கு இணையில்லை. எங்கே பழகினீர்கள் என்று ஒரு மாணவி கேட்டபோது, "பங்கருக்குள்ளதான் தங்கச்சி. காது அப்பவே பழகிட்டுது" என்றார். அந்தப் பிள்ளைக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. 2009 மே மாதம் நந்திக்கடலையும் வட்டுவாகல் பாலத்தையும் கடந்து வந்தவர்களில், அந்தப் பக்கம் எதற்காகவும் போகமாட்டோம் என்பவர்கள் இன்றும் உண்டு. எவ்வளவு பூநாரை வந்திருக்கிறது என்று சொல்லி அவர்களை நாங்கள் அழைப்பதில்லை.

மீள்குடியேற்றம் தொடங்கியபோது முதலில் எங்களுக்குக் கற்றுத்தரப்பட்டது தரையைப் பார்த்து நடப்பது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளும் சிவப்புத் தலைக் கட்டைகளும் காட்டோரமெல்லாம் நின்றன. மிதிவெடி அகற்றுகிறவர்கள் மண்ணைச் சாண் சாணாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் இணைந்தது. சில இடங்களில் காடும் நீர்க்கரையும் மனிதக் காலே படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அது பறவைக்கு நன்மையாக இருந்திருக்கலாம். அப்படி வந்த நன்மையை நான் கொண்டாட மாட்டேன்.

இன்றைய காலைக்கு வருகிறேன். முத்தையன்கட்டு வீதியில் இருட்டோடு போகும்போது முதலில் எதிர்ப்படுவது பக்கி. வீதியின் நடுவில் குந்தியிருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் கண் செந்தணலாய் மின்னும். யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டவேண்டும். குளக்கட்டில் ஏறி வாகனத்தை நிறுத்தியதும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். காட்டுக்கோழி கூவும். இலங்கையின் தேசியப் பறவையான அதை நாங்கள் இலைச்சருகு மிதிபடும் ஓசையில் அடிக்கடி அறிகிறோம், கண்ணால் காண்பது குறைவு. ஆறு மணி அளவில் கட்டுக்குக் கீழே உள்ள பற்றைக்குள் ஆறுமணிக்குருவி இரண்டு முறை, மூன்று முறை கூப்பிடும். இமயமலை அடிவாரக் காடுகளில் கூடுகட்டிவிட்டு மழைக்காலத்துக்கு இங்கே வந்துவிடும் பறவை அது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அத்தனை நிறமும் கொண்ட உடம்பு சருகுக்குள் ஒளிந்து கிடக்கும். அதைத் தொடர்ந்து குக்குறுவான். அதன் பிறகு குரல்களைப் பிரித்து எழுதக் கை போதாது.

வெளிச்சம் வரும் வேளையில் வயல் பக்கத்திலிருந்து சீழ்க்கைச்சிறகிகள் திரும்பிவரும். இரவு முழுவதும் மேய்ந்துவிட்டுப் பகலில் தங்குவதற்குக் குளத்துக்கு வருகின்றன. தகரம் தட்டி நான் விரட்டிய அதே கூட்டங்களின் வழிவந்தவை. அவை எங்கே போய்த் தங்கின என்பதை அந்த வயதில் ஒருநாளும் நான் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. கலைத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. இப்போது அவை மேலே வட்டமிட்டு, காலைத் தொங்கவிட்டு, தாமரை மண்டிய மூலையில் ஒவ்வொன்றாய் இறங்குவதைக் காண்கையில் மனம் நிறைகிறது. தாமரை இலைக்கு மேலே இலைக்கோழி நடக்கும். நீர்க்காகங்கள் நீண்ட வரிசையாய்ப் பறந்து போகும். கூழைக்கடாக்கள் அரைவட்டமாய்ச் சேர்ந்து மீனை ஆழமில்லாத பக்கத்துக்கு நெருக்கும். தோணியில் வலை இழுப்பவர் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்காமல், "இண்டைக்கு அந்தப் பக்கம்தான் கூட நிக்குது" என்று கையால் காட்டுவார். அவருக்கும் கூழைக்கடாவுக்கும் ஒரே மீன்: திலாப்பியா, எங்கள் பேச்சில் ஜப்பான் மீன், 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. அவர் காட்டும் பக்கம் ஒருநாளும் பிழைத்ததில்லை.

சுண்டிக்குளக் கடனீரேரி வேறு உலகம். குளத்தில் பறவையை ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம், கடனீரேரியில் பரப்பாய்த்தான் பார்க்கமுடியும். கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் கொண்டுவரும் நன்னீர் மழைக்காலத்தில் உப்பைக் கரைக்கும். தை, மாசியில் நீர் இறங்க இறங்கச் சேறு வெளியே வரும். அந்தச் சேறுதான் விருந்து. உள்ளான்கள் ஓரத்தில் ஓடி ஓடிக் கொத்தும். மூக்கான்கள் அலகு முழுவதையும் மண்ணுக்குள் இறக்கும். ஊசிவால் வாத்தும் கிளுவையும் நடுநீரில் மிதக்கும். தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு வடிகட்டித் தின்னும் பூநாரைகள் இன்னும் அப்பால். நீரின் உப்பும் ஆழமும் அவற்றுக்கு ஒத்துவந்தால்தான் நிற்கும். மழை அதிகமாகி நீர் ஆழப்பட்டால் அந்தப் பருவம் வேறிடம் தேடும். வருகிற மாணவர்கள் கமராவைத் தூக்கியதும் முதலில் படம் எடுப்பது பூநாரையை. நான் அவர்களை உள்ளான் பக்கம் திருப்பப் பார்ப்பேன். கைப்பிடிக்குள் அடங்கும் அந்தச் சாம்பல் நிறக் குருவிகளில் சில ஆர்க்டிக் பக்கத்துத் தரையில் குஞ்சு பொரித்துவிட்டு வந்தவை.

அந்தத் தூரம் கட்டுக்கதை இல்லை என்பதற்குச் சான்று பக்கத்து மன்னாரிலிருந்தே வந்தது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழுவினர் அங்கே கடற்காகங்களுக்குச் செய்மதிவழி இடங்காட்டும் கருவி பொருத்தினார்கள். அவற்றுள் ஒன்று இந்தியா, மத்திய ஆசியா வழியாக ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனது. மன்னார்க் கரையில் மீன் வாடிக்குப் பக்கத்தில் நாம் கல்லெறிந்து துரத்துகிற பறவை அது.

எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் தன்னார்வலர்கள் ஒரே காலத்தில் எண்ணுகிறார்கள். பெரிய கூட்டத்தைத் தலை தலையாய் எண்ணமுடியாது. பத்துப் பறவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அதையே நூறாக்கி, அந்த நூறைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போகவேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவார்கள். முதன்முறை வந்த பிள்ளைகள் பாதியாய்க் குறைத்து எண்ணுவார்கள். வயல் காவலுக்குப் போன அனுபவம் உள்ள வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு மற்றவர்களுடையதைவிட நெருங்கி வருவதை நான் கவனித்திருக்கிறேன்.

2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் வேறொரு கணக்கெடுப்பு நடந்தது. ஐந்து நிமிடம் கமக்காரர்கள் தங்கள் காணியில் நிற்கும் குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணினார்கள், பயிரழிவைக் கணிப்பதற்காக. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நிலக்கடலையை மயில் கிளறிப்போட்ட தோட்டத்தில் நின்றுகொண்டு மயிலின் அழகைப் பேசுவது மனிதத்தன்மை ஆகாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்தது ஒன்று உண்டு: எண்ணச் சொன்னால் எண்ணத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் இருக்கிறார்கள்.

அவர்களைத்தான் காப்பிடங்களின் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். சுண்டிக்குளம் 2015 ஜூனில் தேசியப் பூங்காவானது, பரப்பும் பெருகியது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், பிழைப்பும் நடக்கலாம். தேசியப் பூங்காவுக்குள் பார்ப்பதற்குக்கூட அனுமதி வேண்டும். 2017 ஜனவரியில் வெளியான வர்த்தமானி நந்திக்கடல் பக்கத்தில் 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை இயற்கை ஒதுக்கிடமாக்கியது. தங்கள் வயலும் மேய்ச்சல் தரையும் எல்லைக்குள் போய்விட்டன என்று கரையோர மக்கள் முறையிட்டார்கள். போரில் ஊரை விட்டோடி, முகாமில் கிடந்து, திரும்பிவந்து பற்றை வெட்டியவனுக்கு எல்லைக்கல் எப்படித் தெரியும் என்பதைக் கொழும்பில் வரைபடம் வரைகிறவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம். பறவைக்கு இடம் வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. சின்னக்கண் வலையும், கரையை நிரவும் கனரக இயந்திரமும், பிளாஸ்ரிக் குப்பையும் அந்த நீர்ப்பரப்பை அழிக்கும், சட்டம் இல்லாமல் அவற்றைத் தடுக்கமுடியாது. ஆனால் பறவையின் பெயரால் நிலம் பறிபோனது என்று ஒரு ஊர் நம்பிவிட்டால், அந்த ஊரின் பிள்ளைகள் பறவையைப் பகையாகப் பார்த்தே வளர்வார்கள்.

வேறு வழி இருக்கிறது, அதுவும் தமிழர் ஊர்களிலேயே. செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில் ஊர்மக்கள் ஏரிக்குப் பறவைகளால் கிடைக்கும் உரத்தை அறிந்து அவற்றைக் காத்தார்கள். சுடவந்த வெள்ளைக்காரர்களுக்கு எதிராக முறையிட்டு 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். சட்டம் பின்னால்தான் வந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களில் நாரைகள் கூடுகட்டுகின்றன. 1994இல் அது சரணாலயமாவதற்கு முன்பே அந்த ஊர் அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கத்தில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் காவலும் ஊரும் வெவ்வேறு அல்ல.

வன்னியிலும் அது முடியும். சுண்டிக்குளத்துக்கும் கொக்கிளாய்க்கும் காவலரும் வழிகாட்டிகளும் தேவைப்படும்போது, சான்றிதழைக் கேட்பதற்கு முன் அந்தக் கரையில் வலை இழுத்தவர்களையும் மாடு மேய்த்தவர்களையும் கேட்கவேண்டும். எந்த மூலை எந்தக் கிழமையில் வற்றும், எந்தக் காற்றுக்குத் தாரா எந்தக் கரைக்கு ஒதுங்கும், இரவில் யார் எந்தப் பாதையால் துவக்கோடு வருவான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சம்பளம் மாதாமாதம் வரவேண்டும், எல்லைக்குள் அகப்பட்ட காணிக்கு உறுதி உள்ளவனுக்கு முதலில் பதில் சொல்லவேண்டும். ஜனவரிக் கணக்கெடுப்புக்கு முத்தையன்கட்டு, கணுக்கேணி, தண்ணிமுறிப்புக் குளங்கள் மூன்றுக்கும் ஊருக்கு இரண்டு பிள்ளைகளாவது வேண்டும். பைனாகுலரை நாங்கள் தருகிறோம். அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு, அவர்கள் வயலில் கலைத்த குருவிகளின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தால் போதும்.